வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிளைத் தேடி வாங்க: ஆவணம், செலவு, காலம் பற்றிய வழிகாட்டி

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில், பூட்டிய வீட்டின் பின்கட்டில் சாக்குப் போர்த்திக் கிடந்த 1972ஆம் ஆண்டுப் பதிவு புல்லட் ஒன்றை நான் வாங்கினேன். வண்டியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அது என் பெயருக்கு மாறப் பதினொரு மாதம் ஆனது. அந்தப் பதினொரு மாதத்தில் பெரும்பகுதி, எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்று தெரியாததால் வீணானது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வண்டி ஒன்றை முதன்முறையாகத் தேடப் போகிறவர்களுக்காக, நான் செய்த வரிசையை விட்டுவிட்டு, செய்திருக்க வேண்டிய வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. எந்த வண்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘விண்டேஜ்’ என்ற சொல்லை விற்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டி மட்டுமே விண்டேஜ். 1985இல் வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 எதுவும் 2035 வரை அந்தத் தகுதியைப் பெறாது. 1983இல் வந்த ராஜ்தூத் 350க்கும் 2033 வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஆர்.எக்ஸ். 100 ஒன்றை ‘விண்டேஜ் விலை’ என்று யாராவது சொன்னால், அது ஆசையின் விலை என்று புரிந்துகொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.

உதிரிபாகம் கிடைப்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். புல்லட்டுக்கு எல்லாம் கிடைக்கும். மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்குப் புதிதாக வார்த்த பாகங்கள் ஓரளவு கிடைக்கின்றன. ராஜ்தூத் 350க்குக் கிடைக்கும், ஆனால் விலை கையைச் சுடும். என்ஃபீல்டின் ஷெர்பா, ஃபியூரி போன்றவை கிடைத்தால் மகிழ்ச்சிதான் என்றாலும், முதல் வண்டியாக அவற்றை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கேபிளுக்காக நான்கு ஊர் அலைய நேரிடும்.

2. விளம்பரத்தை விட மெக்கானிக்கை நம்புங்கள்

இணையத்தில் விளம்பரம் வந்துவிட்ட வண்டிக்கு, நீங்கள் பார்ப்பதற்குள் பத்துத் தரகர்கள் விலை ஏற்றியிருப்பார்கள். வீட்டுக்குள் கிடக்கும் வண்டியைப் பற்றி அறிந்தவர், அதைக் கடைசியாகப் பழுதுபார்த்த மெக்கானிக். அறுபது வயதைக் கடந்த, இன்னும் பிளாட்டினம் பாயின்ட்டை (பழைய எஞ்சின்களில் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் தொடுமுனை) உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தாலுகா தலைநகரிலும் இருக்கிறார். அவரிடம் போய் “பழைய வண்டி இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்பார். “உங்களிடம் வந்துகொண்டிருந்து நின்றுபோன வண்டி எது?” என்று கேளுங்கள். என்னிடம் அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “தம்பி, ஒரு வண்டி இருக்கு. அவுக இறந்ததுக்கப்புறம் யாரும் எடுக்கல. ஆனா ஆச்சி குடுப்பாகளான்னு தெரியாது.”

செட்டிநாட்டு வீடுகள், வால்பாறை, ஏற்காடு, நீலகிரித் தோட்டக் குடியிருப்புகள், நெய்வேலி, திருச்சிப் பொன்மலை போன்ற ஆலை, ரயில்வே ஊர்கள் ஆகியவற்றில் தேடுவது பயன் தரும். பணியில் இருந்தபோது புதிதாக வாங்கி, அலுவலகத்துக்கு மட்டும் ஓட்டி, ஓய்வுக்குப் பின் நிறுத்திவைத்தவர்கள் அங்கே அதிகம். கடலோர ஊர்களில் கிடைக்கும் வண்டியை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள்; நாகப்பட்டினத்தில் பத்து ஆண்டு நின்ற வண்டி, சிவகங்கையில் முப்பது ஆண்டு நின்றதை விட மோசமாகத் துருப்பிடித்திருக்கும்.

ரயில் நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், காவல் நிலைய ஏலத்தில் ஆர்.சி. (பதிவுச் சான்று) இல்லாமல் வரும் வண்டியையும், சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் ‘பேப்பர் பிறகு தருகிறேன்’ என்று காட்டும் வண்டியையும் விட்டுவிடுங்கள். புதுப்பேட்டைக்கு உதிரிபாகம் வாங்கப் போங்கள். முழு வண்டி வாங்கப் போகாதீர்கள்.

3. முதல் சந்திப்பில் விலை பேசாதீர்கள்

அந்த வண்டி பெரும்பாலும் இறந்துபோன ஒருவரின் பொருள். முதல் நாளிலேயே கைப்பேசியை நீட்டிப் படமெடுத்து, “எவ்வளவுக்குத் தருவீர்கள்?” என்று கேட்டவர்கள் எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். நான் மூன்றாவது முறை போனபோதுதான் ஆச்சி சாக்கை விலக்கச் சொன்னார்கள். இதைத் தந்திரமாகச் சொல்லவில்லை. விற்க வேண்டுமா என்று வீட்டார் தங்களுக்குள் பேசி முடிக்காத வண்டிக்கு முன்பணம் கொடுத்தால், வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ ஒரு தொலைபேசி அழைப்பில் அதைக் கலைத்துவிடுவார் என்பதால் சொல்கிறேன். யாரெல்லாம் வாரிசுகள், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வியைத் தேநீர் குடிக்கும்போதே இயல்பாகக் கேட்டுவிடுங்கள். அந்த விடையில்தான் உங்கள் காலக்கணக்கு இருக்கிறது.

4. உண்மையிலேயே குறைவாக ஓடிய வண்டியா?

‘பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது’ என்று மீட்டரைக் காட்டுவார்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்தபடியே பத்து ஆண்டு ஓடிய வண்டிகள் நாட்டில் ஏராளம். ஆகவே மீட்டரை மறந்துவிட்டு, காலும் கையும் பட்ட இடங்களைப் பாருங்கள். ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் வரிகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றனவா, கிக்கர் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பெடலின் மேல்பூச்சு காலணி பட்டுப் போயிருக்கிறதா, டேங்கில் முழங்கால் உரசும் இடத்தில் பெயின்ட் மங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். பின்சக்கரத்துச் செயின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கூர்மையாகியிருந்தால் அது நீண்ட தூரம் ஓடிய வண்டி.

அடுத்தது திருகாணிகள். எஞ்சின் மூடிகளின் ஸ்குரூத் தலைகள் சிதையாமல் இருந்தால், எஞ்சினை அதிகம் பேர் பிரிக்கவில்லை என்று பொருள். நான் பார்த்த வண்டியில் ஒரே ஒரு ஸ்குரூ மட்டும் உளியால் அடித்துக் கழற்றியது போலிருந்தது. பாயின்ட் மூடியின் ஸ்குரூ அது, அடிக்கடி திறக்க வேண்டிய இடம்தான். பிறகு ஈரத்துணியால் டேங்கில் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் துடைத்தேன். தூசிக்கு அடியில் கருப்பு மீது கையால் இழுத்த பொன்னிறக் கோடு தெரிந்தது. ஓரிடத்தில் தூரிகை சற்றே தடித்துப் பின் மெலிந்திருந்தது. ஸ்டிக்கரில் அந்தத் தடிப்பு வராது. அசல் பெயின்ட் என்று அப்போதுதான் நம்பினேன். விற்பவர் நல்லெண்ணத்தில் வண்டியை மெருகேற்றித் தருவதாகச் சொன்னால், வேண்டாம் என்று கைகூப்பிச் சொல்லிவிடுங்கள்.

எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்க்கக் கிக்கரை உதைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லை என்றால் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். புல்லட்டில் அது பயப்படும் குறையில்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம். யெஸ்டி, ராஜ்தூத் 350, ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கிராங்க் பேரிங்கும் ஆயில் சீலும் நின்றே கெட்டுப்போகும் என்பதால், எஞ்சின் தாராளமாகச் சுற்றினாலும் அந்த வேலைக்கான செலவை விலையில் கழித்தே பேச வேண்டும்.

5. சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சேஸிஸ் (வண்டியின் சட்டம்) எண் பொதுவாக ஸ்டீயரிங் கழுத்துப் பகுதியிலும், எஞ்சின் எண் கிராங்க் கேஸிலும் பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து அச்செடுங்கள். அந்தத் தாளை ஆர்.சி. புத்தகத்தின் அருகில் வைத்து ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிடுங்கள். கண்ணால் படித்து ஒப்பிடுவது போதாது. பெயின்ட் அடைத்திருந்த 8ஐ நான் 3 என்று படித்தேன், ஆர்.சி.யிலும் கையெழுத்தில் 3 என்றே இருந்தது. ‘பொருந்துகிறது’ என்று திருப்தியோடு வந்துவிட்டேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஆய்வு நாளில் ஆய்வாளர் அச்செடுத்தபோது 8 என்று தெளிவாக விழுந்தது. ஐம்பது ஆண்டுக்கு முன் யாரோ செய்த எழுத்துப் பிழையைத் திருத்த, பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, பிரமாணப் பத்திரம் கொடுத்து, மறு ஆய்வுக்குப் போய் வர நான்கு மாதம் ஓடிவிட்டது. இதை முதல் நாளே கண்டுபிடித்திருந்தால், திருத்தும் வேலையை மற்ற வேலைகளோடு சேர்த்தே முடித்திருக்கலாம்.

எண் பொருந்தவில்லை என்றால், ‘புதிதாகப் பஞ்ச் அடித்துக்கொள்ளலாம்’ என்று அறிவுரை சொல்லும் தரகர் ஒருவர் நிச்சயம் வருவார். அது குற்றம். எழுந்து வந்துவிடுங்கள்.

எஞ்சின் மாற்றிய வண்டிகளிலும் எச்சரிக்கை தேவை. பெட்ரோல் புல்லட்டில் டீசல் எஞ்சின் பொருத்தி, ஆர்.சி.யில் பதியாமல் ஓட்டியவை ஊருக்கு ஊர் உண்டு.

ஆர்.சி.யில் இன்னும் மூன்றைப் பாருங்கள். முதலாவது, ஹைப்பாதிக்கேஷன் குறிப்பு, அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு. வங்கிக் கடன் 1975லேயே அடைந்திருந்தாலும், குறிப்பு நீக்கப்படாமல் இருந்தால் படிவம் 35இல் அந்த வங்கியின் கையெழுத்து வேண்டும். அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்தோ மூடியோ போயிருந்தால் அது தனி அலைச்சல். இரண்டாவது, வரி கட்டிய விவரம். மூன்றாவது, பதிவு செய்த அலுவலகம். 1989க்கு முந்தைய மூன்றெழுத்து எண் கொண்ட வண்டி என்றால், அன்றைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இன்று மூன்று நான்காகப் பிரிந்திருக்கும். பதிவேடு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதை நேரில் போய்த்தான் அறிய முடியும். இப்படிப்பட்ட எண், போக்குவரத்துத் துறையின் இணையத் தளமான ‘வாகன்’இல் ஏறியிருக்காது, ஏறாத வரை எந்தக் கட்டணமும் கட்ட முடியாது. ‘பேக்லாக் என்ட்ரி’ (பழைய பதிவை இணையத்தில் ஏற்றுவது) கோரி எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். எனக்கு இது ஐந்து வாரம் எடுத்தது.

ஆர்.சி. தொலைந்திருந்தால், காவல்துறையின் இணையச் சேவையில் தொலைந்த ஆவண அறிக்கை பெற்று, படிவம் 26இல் நகல் கேட்கலாம். அதற்கும் பழைய பதிவேடு கிடைக்க வேண்டும். ஆர்.சி.யும் இல்லை, எண்ணும் யாருக்கும் நினைவில்லை என்றால் அந்த வண்டி உதிரிபாகக் குவியல்தான். அந்த விலைதான் கொடுக்க வேண்டும். வண்டி திருட்டுப் பட்டியலில் இல்லை என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகனச் சேவை வழியாகச் சரிபார்த்து, அந்தத் தாளை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

6. உரிமையாளர் இறந்திருந்தால்

இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் இரண்டும் அடிப்படை. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தில் வேறு தேவைக்காக ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். பீரோவில் தேடச் சொல்லுங்கள். ஒரு வாரிசின் பெயருக்கு முதலில் படிவம் 31 மூலம் வண்டியை மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகள் எல்லாரும் ஆட்சேபமில்லை என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் தர வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசுதான் காலத்தை விழுங்குபவர். ஆச்சியின் மூத்த மகன் சிங்கப்பூரில் இருந்தார். அங்கேயே ஒரு தாளில் கையெழுத்திட்டு அனுப்பினார், அலுவலகம் ஏற்கவில்லை. இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரமாக மறுபடி வந்தது. அப்படி வரும் பத்திரத்துக்கு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இல்லையேல் மீண்டும் முதலிலிருந்து. பொங்கல், திருமணம் என்று அவர்கள் ஊருக்கு வரும் நாளை முன்பே கேட்டு, எல்லாரையும் ஒரே நாளில் நோட்டரி முன் உட்காரவைப்பது இதை விட மலிவும் விரைவும் ஆகும்.

7. பதிவுப் புதுப்பிப்பும் பெயர் மாற்றமும்

தனிநபர் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப் படிவம் 25. இருசக்கர வண்டிக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ. 1,000 ஆக இருந்தது. 20 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் அது ரூ. 2,000 ஆக உயர்ந்தது. இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். புதுப்பிக்கத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் ரூ. 300 என்ற விதி உண்டு. பசுமை வரியும், பழைய வரி நிலுவையும் தனி. வண்டி விலையைப் பேசி முடிக்கும் முன்பே, பதிவு எண்ணைக் கொடுத்து மொத்தம் எவ்வளவு வரும் என்று அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆய்வு நாளில் வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும். முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன், கண்ணாடி எல்லாம் வேலை செய்ய வேண்டும். ஆர்.சி.யில் கருப்பு என்றிருந்து வண்டி சிவப்பாக நின்றால் கேள்வி வரும்.

நான் கற்றுக்கொண்ட வரிசை இது: முதலில் வாகன் தளத்தில் பேக்லாக் என்ட்ரி, அடுத்து படிவம் 31இல் வாரிசு பெயருக்கு மாற்றம், பிறகு படிவம் 25இல் புதுப்பிப்பு, கடைசியாகப் படிவம் 29, 30இல் உங்கள் பெயருக்கு மாற்றம். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கேரள, கர்நாடக, புதுச்சேரி எண் என்றால் அங்கிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று பெறாமல் பணம் கொடுக்காதீர்கள்.

50 ஆண்டு கடந்த வண்டிக்கு விண்டேஜ் பதிவு என்ற வழியும் இருக்கிறது. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000, செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பட்டி வரை போய்வர ஆசைப்பட்டவன் என்பதால் நான் சாதாரணப் புதுப்பிப்பையே எடுத்தேன்.

காப்பீட்டு நிறுவனங்களின் இணையப் பக்கங்கள் பல நேரம் பழைய எண்ணை ஏற்பதில்லை. பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கிளைக்கு நேரில் போங்கள். 2022இல் நிர்ணயித்த வீதப்படி, புல்லட் வரும் 150 முதல் 350 சி.சி. வரையிலான பிரிவில் மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு ரூ. 1,366, அதற்கு மேல் ஜி.எஸ்.டி.

8. பணம் கொடுப்பதும் வண்டியை ஏற்றுவதும்

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். அதையும் வங்கி வழியாகவே கொடுங்கள். மீதியை வாரிசின் பெயருக்கு ஆர்.சி. மாறிய பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வெற்றுப் படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று வண்டியை ஓட்டிப் போவது இரு தரப்புக்கும் ஆபத்து. விபத்து நடந்தால் ஆச்சி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். விற்பனைக் கடிதத்தில் ஒப்படைத்த நாளும் நேரமும் இருக்கட்டும்.

வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். குட்டியானை (சிறு சரக்கு வண்டி) ஒன்றை வாடகைக்குப் பிடித்து, இருபுறமும் கட்டி, ஆர்.சி. நகலையும் விற்பனைக் கடிதத்தையும் ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புங்கள். கழன்று கிடக்கும் சிறு பாகங்களை, துருப்பிடித்த டூல் பாக்ஸ் வரை, அந்த அறையைப் பெருக்கியாவது எடுத்து வாருங்கள். எனக்குச் சாவிக்கொத்து பரணிலும், காற்றடிக்கும் பம்ப் நெல் குதிருக்குப் பின்னாலும் கிடைத்தன.

என் கணக்கு: வண்டி ரூ. 85,000, ஆவண வேலை, நோட்டரி, பயணம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ரூ. 19,000, எஞ்சின், டயர், வயரிங் வேலைக்கு ரூ. 52,000. வாங்கும் விலையில் பாதிக்கு மேல் தனியாக எடுத்துவைக்காமல் இறங்காதீர்கள்.

9. முதல் கிக்குக்கு முன்

பிளக் துளை வழியாகச் சிறிது எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, மூன்று நாள் விட்டு, கையால் சுற்றுங்கள். புல்லட்டில் நின்றிருந்த காலத்தில் ஆயில் முழுதும் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். அதை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்தால் புகையும், சீல்களுக்குச் சேதமும் வரும். டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகி இருக்கும். கார்புரேட்டரோடு சேர்த்து முழுதும் கழுவ வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். என்னுடையதில் எலி பஞ்சுக் கூடு கட்டியிருந்தது, வயரிங்கையும் அதுவே தின்று தீர்த்திருந்தது. டயர் பளபளப்பாக, புதிதாகத் தெரிந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். பிரேக் ஷூவும் அப்படியே.

பிறகு டீகம்ப்ரஸரை (எஞ்சினுக்குள் அழுத்தத்தை வெளியேற்றும் சிறு நெம்பு) அழுத்தி, ஆம்ப்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெதுவாக இறக்கி, டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, ஒரே சீராக முழு எடையோடு மிதியுங்கள். பாதியில் நிறுத்தினால் கிக்கர் திருப்பி அடிக்கும். செருப்போடு உதைக்காதீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.